ஒரே அறை வீட்டிலும் ஓய்வுக்கு இடம் உண்டு!

வேலை முடிந்து வீட்டிற்குள் நுழைந்ததும் நீங்கள் பேசும் முதல் வார்த்தை என்ன?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "தண்ணி கொண்டா" என்பதா? "டி.வி.யை நிறுத்து" என்பதா? "இந்தச் செருப்பை யார் இங்கே போட்டது?" என்பதா? என் வீட்டில் பல ஆண்டுகளாக அந்த மூன்றாவதுதான் முதல் வார்த்தையாக இருந்து வந்தது. செருப்பு எங்கே கிடந்தாலும் அதைத்தான் கேட்பேன்!

நான் மும்பையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா. சொந்த ஊர் நெல்லைச் சீமை. சயான் பக்கம் ஒரு சாலில் குடியிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி உள்ள ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, மோரி, பீரோ, டி.வி. எல்லாம். மனைவி, எட்டு வயது மகள், நான். ஆண்டில் நான்கு மாதம் ஊரிலிருந்து வந்து தங்கும் தாயார்.

ஒரு நாள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஓடவில்லை. சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக எட்டு மணிக்கு வருகிற நான் ஆறரைக்கே வந்துவிட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மகள் தன் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"எம்மா, இன்னைக்கு அப்பா கோவமா வருவாவளா, சும்மா வருவாவளா?"

மழை வருமா, வராதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? எதுக்கும் புஸ்தகத்தை எல்லாம் எடுத்து வச்சிரு" என்று பதில் வந்தது.

எனக்கு உள்ளே போகக் கால் எழவில்லை. தெருமுனைக்குத் திரும்பிப் போய் ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டு, எட்டு மணிக்கே வீட்டிற்குப் போனேன். அன்று செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த நாளில் தொடங்கியதுதான்.

ரயிலில் நம்மோடு ஏறும் கோபம்

"டென்ஷன்" என்கிறோம். மனது சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறோம். ஆனால் அதில் பாதிக்கு மேல் உடம்பு சம்பந்தப்பட்டது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் இருந்தார். ஆபத்து வரும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்து 1915-ம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். ஆபத்தைக் கண்டதும் உடம்பு இரண்டில் ஒன்றுக்குத் தயாராகிறது. எதிர்த்து அடிக்க வேண்டும். அல்லது ஓடித் தப்ப வேண்டும். அதற்காக இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சு வாங்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. தசைகள் முறுக்கேறி நிற்கின்றன. காட்டில் புலியைக் கண்டவனுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு.

நமக்குப் புலி எங்கே வருகிறது? மேலாளர் வருகிறார். அவரை அடிக்க முடியுமா? ஓடத்தான் முடியுமா? "சரி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறோம். முறுக்கேறிய உடம்பு முறுக்கேறியபடியே இருக்கிறது. அப்படியே போய் வி.டி.யில் வண்டி ஏறுகிறோம். (1996-லும் 2017-லும் பெயர் மாற்றிவிட்டார்கள். நம் வாயில் இன்னும் வி.டி.தான்.) நெரிசல் நேரத்து மும்பை லோக்கல் ரயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கிறார்கள் என்பது ரயில்வேக்காரர்களே சொல்லும் கணக்கு. அங்கேயும் அடிக்க முடியாது; ஓட முடியாது; கையைத் தூக்கி மூக்கைச் சொறியக்கூட முடியாது.

அடிக்கவும் திட்டவும் முடிகிற இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது வீடு. மேலாளருக்கும் ரயிலுக்கும் சேர வேண்டியதை மனைவியும் பிள்ளையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே வீட்டில் டென்ஷன் குறைய வேண்டுமானால், முதலில் வாசலிலேயே அந்த முறுக்கைக் கொஞ்சம் அவிழ்க்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் வெளியே போய் வந்தவர் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது என்பார்கள் அல்லவா? அதையே திரும்பக் கொண்டுவந்தேன். மும்பையில் தண்ணீர் குழாயில் வரும் நேரத்தில்தான் வரும். பிடித்து வைத்ததில்தான் நாள் ஓடும். எனவே வாசலில் ஒரே ஒரு செம்பு. முகத்துக்கு ஒரு கை, மீதி காலுக்கு. அதன் பிறகு பத்து நிமிடம் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நானும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. செருப்பு, மின்சார பில், பள்ளிக்கூடத்து டைரி, எதுவும் கிடையாது. எங்கள் வீட்டுச் சட்டம் இது. ஊமை வேஷம் என்று என் மனைவி பெயர் வைத்திருக்கிறாள்.

பரேலில் நடந்த பரிசோதனை

இனி, படுத்தபடியே செய்யும் ஒரு பயிற்சி. இதற்கும் நம் மும்பைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியைத் தெரியாத தமிழர் தாராவியில் இருக்க மாட்டார். அங்கே இதய நோய் நிபுணராக இருந்தவர் டாக்டர் கே. கே. தாதே. அவரும் அவருடன் இருந்த டாக்டர்களும் ரத்த அழுத்த நோயாளிகள் 47 பேருக்குச் சவாசனம் கற்றுக்கொடுத்து, என்ன ஆகிறது என்று அளந்து பார்த்தார்கள். முடிவுகள் 1969-ம் ஆண்டு ஒரு வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் வெளியாயின. மருந்து சாப்பிடாதவர்களில் பலருக்கு அழுத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. மருந்து சாப்பிட்டு வந்தவர்களில் பலருக்கு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது.

47 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் இதோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் டாக்டராக இருந்த சந்திரா படேல் என்ற பெண்மணியும் 1973-ல் இதே போன்ற பயிற்சியை 20 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அழுத்தம் குறைவதைக் கண்டார்.

செய்முறை இதுதான். பாயில் மல்லாந்து படுங்கள். கால்களைச் சற்று அகற்றி வையுங்கள். கைகள் உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேல் நோக்கி இருக்கட்டும். கண்களை மூடுங்கள். வயிறு மெல்ல ஏறி இறங்கும்படி நிதானமாக மூச்சு விடுங்கள். உள்ளே போகும் காற்று மூக்கின் நுனியில் குளிர்ச்சியாகப் படும். வெளியே வரும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். இந்தக் குளிர்ச்சியையும் சூட்டையும் மட்டும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். டாக்டர் தாதே தம் நோயாளிகளுக்குச் சொன்னது தினமும் அரை மணி நேரம். நம்மால் இருபது நிமிடம் முடிந்தால் அதுவே பெரிது.

மூச்சில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது; விடும்போது சற்று நிதானமாகிறது. உங்கள் நாடியில் விரல் வைத்துப் பார்த்தால் சிலருக்கு இது தெரியும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு ஏழு தடவையாகக் குறைத்து, விடும் மூச்சை நீளமாக்கினால், "புலி போய்விட்டது" என்று உடம்புக்குச் செய்தி சொன்னது போல ஆகிவிடுகிறது.

ஆனால் ஒன்று. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. எங்கள் சாலிலேயே ஒருவர், நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். குறைப்பதா, கூட்டுவதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"என்னலே, சவம் மாதிரி?"

படித்ததைச் செய்யலாம் என்று முதல் நாள் பாயை விரித்துப் படுத்தேன். மாலை ஏழு மணி. தாயார் ஊரிலிருந்து வந்திருந்த நேரம்.

"விளக்கு வச்ச நேரத்துல இது என்னலே, சவம் மாதிரி நீட்டி நிமிந்து கெடக்க? எந்திரிலே!"

அதன் பெயரே சவாசனம்தான் அம்மா என்று விளக்கப் போனேன். பேரைக் கேட்டதும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. அன்று எனக்குத் திருஷ்டி கழித்தார்கள்.

நேரத்தை ஒன்பது மணிக்கு மாற்றினேன். அப்போது வேறு தொல்லை. பத்தடி அறையில் ஒரு ஆள் மல்லாந்து படுத்தால் மற்றவர்கள் எங்கே நடப்பது? மகள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனாள். குக்கர் விசில் அடித்தது. பக்கத்து அறையில் மராத்தி நாடகம். நாலு நாளில் விட்டுவிட்டேன்.

பெரிய வீட்டுக்காரர்களுக்கு ஓய்வு என்றால் ஓர் அறை. கதவைச் சாத்திக்கொள்வார்கள். நமக்குச் சாத்த அறை இல்லை. நமக்கு ஓய்வு என்பது இடம் அல்ல, நேரம். வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் அந்த நேரம் நமக்குக் கிடைக்கும். இது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. இப்போது இரவு சாப்பாடு தொடங்கும் முன், எட்டரையிலிருந்து எட்டே முக்கால் வரை டி.வி. கிடையாது, குக்கர் கிடையாது, செல்போன் கிடையாது. நான் சுவரோரம் படுக்கிறேன். மகள் படம் வரைகிறாள். தாயார் இருந்தால் ஜெபமாலை போலப் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருப்பார்கள். பதினைந்து நிமிடம்தான்.

படுக்கவே இடம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சிகாகோ டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-ல் எழுதிய நூலில் கூறியிருக்கும் முறையை ஒட்டியது. உட்கார்ந்தபடியே செய்யலாம். கைமுட்டியை இறுக்கிப் பிடியுங்கள், ஐந்து எண்ணுங்கள், சட்டென்று விடுங்கள். அதே போலத் தோள்களைக் காது வரை தூக்கி இறுக்கி விடுங்கள். பிறகு தாடை. நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் குமாஸ்தாக்களுக்குத் தோளும் தாடையும்தான் அதிகம் முறுக்கேறுகின்றன. இறுக்கிவிட்டு விடும்போதுதான், இத்தனை நேரம் நாம் இறுக்கமாக இருந்தோம் என்பதே தெரிகிறது! பில் கலெக்டர் வேலை பார்க்கும் என் நண்பர் இதை ரயிலில் நின்றுகொண்டே கால் விரல்களில் செய்கிறார்.

காபியும் கால் பாட்டிலும்

களைப்புக்குக் காபி நல்லதுதான். ஆனால் காபியில் உள்ள கஃபீன் உடம்பை விட்டுப் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பில்டர் காபி குடித்தால், ஒரு மணிக்கும் பாதி டம்ளர் உள்ளே இருப்பது போலத்தான். தூக்கம் வரவில்லை என்று வருந்துகிற பலருடைய வியாதி இந்த டம்ளரில் இருக்கிறது.

குடியைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "உழைத்துக் களைத்தவன் ஒரு குவார்ட்டர் போட்டால் என்ன?" என்பார்கள். போட்டால் சீக்கிரம் தூக்கம் வருவது உண்மை. நடு ராத்திரியில் அது கலைந்துவிடுவதும் உண்மை. மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பது ஓய்வா? பாட்டிலுக்குப் போன பணத்தைப் பற்றி மறுநாள் வீட்டில் நடக்கும் பேச்சு டென்ஷனைக் குறைக்குமா?

அவளுக்கு எப்போது ஓய்வு?

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. எல்லாம் ஒங்களுக்குத்தானா?" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை.

காலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். அப்போது எழுகிறவள் அவள். என் டப்பா, மகள் டப்பா, பாத்திரம், துணி. பகலில் வீட்டில் இருந்தபடி ஒரு கம்பெனிக்கு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறாள். நான் வேலைக்குப் போய் வீட்டிற்கு வருகிறேன். அவளுக்கு வேலை செய்யும் இடமும் அதுதான், வீடும் அதுதான். வாசலில் செம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவள் எங்கிருந்து எங்கே வருவது?

மத்திய அரசின் புள்ளிவிவரத் துறை 2019-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. மக்கள் ஒரு நாளில் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் எல்லா ஆண்களும் அல்ல; 100-க்கு ஏறக்குறைய 26 பேர்தான் வீட்டு வேலை பக்கமே போகிறார்கள்!

"உனக்கும் சவாசனம் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். அரை மணி நேரம் வாசப்படியில உக்காந்திருக்கணும். யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. அது போதும்."

இவ்வளவு சிறிய ஆசை என்று நினைத்து, ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். ஐந்தாவது நிமிடம், "உப்பு எங்கே?" என்றேன். பத்தாவது நிமிடம், "மகள் தலை சீவச் சொல்கிறாள்" என்றேன். அதற்குப் பிறகு பருப்பு பொங்கிவிட்டது. என்னையறியாமல் அவள் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். அவள் எழுந்து உள்ளே வந்தாள். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு தடவையும் கூப்பிடாமல் முடித்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் அந்த அரை மணி நேரம் அவளுக்கு உண்டு. என்ன செய்கிறாய் என்று ஒரு முறை கேட்டேன். "ஒண்ணும் செய்யலே" என்றாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாளும் இப்போது அவளோடு வந்து உட்காருகிறாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். சவாசனத்தைவிட இதில் வீடு சீக்கிரம் அமைதியாகிறது என்பது என் அனுபவம். என் அழுத்தம் குறைந்ததில் பாதிப் பங்கு இதற்கு இருக்கும் என்றே எண்ணுகிறேன். டாக்டர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

பேச்சுலர் அறைகளில்

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஆறு பேர், எட்டுப் பேராக ஓர் அறையில் தங்கும் சகோதரர்கள், "எங்களுக்கு என்ன வழி?" என்று கேட்கலாம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் படுக்கும்போது, பகல் ஷிப்டுக்காரர் சமைப்பார். அங்கே தூங்குவதே பெரும்பாடு. கண்மேல் கறுப்புத் துணி ஒன்றை மடித்துக் கட்டிக்கொள்வதும், காதில் பஞ்சு வைத்துக்கொள்வதும் செலவில்லாத உபாயங்கள். தூங்குகிறவரின் தலைமாட்டில் நின்று செல்போனில் ஊர்க் கதை பேசாமல் இருப்பது அதைவிடப் பெரிய உதவி.

லேபர் கேம்ப்பில் ஓர் அறையில் இரவு சாப்பாட்டுக்குப் பின் தாயம் ஆடுகிறார்கள். தரையில் சாக்பீஸ் கட்டம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளை தெரியத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். காசு வைத்து ஆடுவது கிடையாது. தோற்றவர் மறுநாள் பாத்திரம் கழுவ வேண்டும். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கிடந்ததைவிட இது எவ்வளவோ மேல் என்றார் அந்த அறையில் மூத்தவர்.

ஊரிலிருந்து வரும் போன் இன்னொரு விஷயம். படுக்கப் போகும் நேரத்தில் "தங்கச்சிக்குப் பீஸ் கட்டணும்", "ஓடு மாத்தணும்" என்று செய்தி வந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? பணப் பேச்சுக்கு என்று வாரத்தில் ஒரு நாளை, ஒரு நேரத்தை ஒதுக்கி ஊருக்கும் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை, கையில் நோட்டுப் புத்தகத்தோடு. மற்ற நாட்களில் ஊருக்குப் பேசினால் கோவில் கொடை, மழை, மாடு கன்று போட்டது மட்டும்தான்.

சில டென்ஷன் இதற்கெல்லாம் மசியாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தால் பாயும் மூச்சும் போதாது. மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபரில் "டெலி மானஸ்" என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். பைத்தியக்காரர்களுக்கு உள்ளது என்று நினைத்து என் உறவினர் ஒருவர் ஆறு மாதம் தயங்கினார். பேசிய பிறகு, பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை யாரைப் பார்க்க வேண்டும் என்று விவரம் கிடைத்தது. இப்போது வேலைக்குப் போய்வருகிறார்.

நான் முற்றும் திருந்திவிட்டேன் என்று எண்ண வேண்டாம். போன வாரம் வியாழக்கிழமை மழையில் வண்டிகள் நின்றுவிட்டன. குர்லா போக வேண்டிய கூட்டமும் சயான் கூட்டமும் ஒன்றாக நசுங்கி, ஒன்றே கால் மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தேன். வாசலில் செம்பு இருந்தது. பார்க்கவில்லை. நேரே உள்ளே போய், "இந்தச் செருப்பை..." என்று ஆரம்பித்தேன்.

மகள் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய்ச் செம்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டு, படம் வரையப் போய்விட்டாள்.